பொடிமின்னலைப் பெற்றவர்கள்

"ஒரே ஒரு வரிதான் சார். 'பொடிமின்னலை உருவாக்கியவர்'னு போட்டு, பக்கத்துல உங்க பேரைப் போடப்போறேன். எழுத்துப்பிழை வந்துடக் கூடாதேன்னு கேக்குறேன். கெஸ்லருக்கு 'எஸ்' ஒண்ணா, ரெண்டா?"

தொலைபேசியின் மறுமுனையில், ப்ரூக்ளினில், ஹைமன் கெஸ்லர் "ரெண்டு" என்றார். கொஞ்சம் யோசித்து, "டாம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டியா?" என்றும் கேட்டார்.

"எந்த டாம் சார்?"

"டாமினிக் ரஃபோ. படம் வரைஞ்சவன். சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்லிடு தம்பி. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். இத்தனை வருஷமா வியாழக்கிழமை தவறாம ஒண்ணாத்தான் மதியச் சாப்பாடு சாப்பிடறோம்."

வெண்டல் க்ரூபர் மரியாதைக்குச் சொன்னான். அந்த வாரத்தில் அவன் செய்த தவறுகளில் அது முதலாவது.

வெண்டல், மன்ஹாட்டனில் இருந்த பெர்விஸ் சித்திரக்கதைப் பதிப்பகத்தில் உதவியாசிரியர். உதவியாசிரியர் என்றால் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, பேச்சுக் குமிழ்களில் எழுத்துப்பிழை பார்ப்பது, ஆசிரியர் ப்ராட்ஸ்கி சாப்பிட்ட சாண்ட்விச் காகிதத்தை அசல் ஓவியங்களின் மேலிருந்து அப்புறப்படுத்துவது. பதிப்பகத்தின் பெரிய சொத்து 'வெள்ளிச் சூறாவளி' என்ற சாகச நாயகி. வெள்ளிமுடி, முகமூடி, மேலங்கி, பறப்பது எல்லாம் உண்டு. அவளுடைய துணைதான் பொடிமின்னல். அதே உடை, அதே முகமூடி, சிவப்பு முடி, பாதி உயரம்.

பொடிமின்னலுக்கு அந்த வருடம் நாற்பது வயது. சிறப்பிதழ் போடுவதென்று முடிவாகியிருந்தது. போதாததற்கு ஒரு தொலைக்காட்சி நிறுவனம், சூறாவளியை விட்டுவிட்டு, பொடிமின்னலை மட்டும் வைத்துத் தொடர் எடுக்கக் கேட்டிருந்தது. அவர்களுடைய வக்கீல்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உருவாக்கியவர் யார் என்று திரையில் போட வேண்டும்.

"வரலாறு ஒரு பக்கம் எழுதிடு. பேரு ஒரு வரி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. இதுல குழப்பம் பண்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று ப்ராட்ஸ்கி சொல்லியிருந்தார்.

வரலாற்றை வெண்டல் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தான். அது எளிதாகத்தான் இருந்தது. பொடிமின்னல் ஏழாம் இதழில் பிறந்தாள். போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கையால் பிடித்தாள். பிறகு விற்பனை சரிந்ததும் எரிமலைக்குள் விழுந்து செத்தாள். பெற்றோர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அது அணைந்துபோன எரிமலை என்று தெரிய வந்தது. ஒரு கால்நடை மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அடுத்த மாதம் அது கனவு என்று தெரிய வந்தது. ஹிப்பிகள் காலத்தில் கிடாரோடு திரிந்தாள். அதற்காகத் தனிப் பத்திரிகையே தொடங்கி ஆறாம் இதழில் மூடினார்கள். பிறகு ரயிலில் மோதிச் செத்தாள், பிழைத்தாள், மறுபடி செத்தாள். இந்த முறை செத்தது அவளைப் போலவே இருந்த ரோபோ. அந்த ரோபோவுக்கும் ரசிகர்கள் சேர்ந்துவிட்டதால் அதையும் உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் அடக்கிய பெருமையில்தான் வெண்டல் ரஃபோவுக்குப் போன் போட்டான்.

"ஹைமன் உருவாக்கினானா?" என்றார் ரஃபோ. அவர் குரல் மிகவும் அமைதியாக இருந்தது. "அப்படின்னு அவனே சொன்னானா?"

"இல்ல சார், கதை எழுதினவர்ங்கற முறையில..."

"தம்பி, உன்கிட்ட ஏழாம் இதழ் இருக்கா?"

இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகி, தொட்டால் உதிரும் நிலையில்.

"மூணாம் பக்கம், கடைசிக் கட்டத்தை எடு. என்ன தெரியுது?"

வெண்டல் பார்த்தான். முன்னால் வெள்ளிச் சூறாவளி, நமக்கு முதுகு காட்டி நின்று, வலது கையால் முகமூடியைச் சரிசெய்கிறாள். எதிரே, அறையின் மறுகோடியில், வாசற்படியில் ஒரு சின்னப் பெண். அதே உடை, அதே முகமூடி, செக்கச்செவேலென்ற முடி. சூறாவளியையே பார்த்தபடி, இடது கையால் தன் முகமூடியைச் சரிசெய்கிறாள். பேச்சுக் குமிழ் எதுவும் இல்லை. அந்த இதழ் வெளிவந்ததும் நாடு முழுவதிலுமிருந்து குழந்தைகள் 'யார் அந்தச் சிவப்புமுடி?' என்று எழுதிக் கேட்க, ஒன்பதாம் இதழில் அவளுக்குப் பெயர் வைத்தார்கள்.

"அந்தக் கட்டத்துக்கு ஹைமன் எனக்கு எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? 'சூறாவளி கிளம்பறா.' அவ்வளவுதான். வாசப்படியில ஒரு பொண்ணு நிக்கறான்னு எழுதினானா? இல்ல. அப்ப அவளை யாரு வரைஞ்சது, பேனா தானா எழுந்து நின்னு வரைஞ்சுச்சா?"

"நீங்கதான் சார் வரைஞ்சிருப்பீங்க."

"அவ கை எது?"

"இடது கை சார்."

"என் தங்கச்சி ஃபிலோமினாவுக்கு இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்துல கையிலயே அடிப்பாங்க. அவளை மனசுல வெச்சுத்தான் வரைஞ்சேன். இதைப் போய் ஹைமன்கிட்ட சொல்லு."

வெண்டல் சொன்னான்.

"அவன் தங்கச்சியா?" என்றார் கெஸ்லர். "அவளை எனக்குத் தெரியும். அவளுக்கு ரெண்டு கையும் ஒழுங்கா வராது. தம்பி, அது தத்துவம். ஊரே வலது கையைத் தூக்குறப்ப ஒருத்தி மட்டும் இடது கையைத் தூக்கறா. அதுதான் பொடிமின்னல். அதை நான் டாமுக்கு வாயால விளக்கிச் சொன்னேன். ரெண்டு மணி நேரம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கிட்டே கேட்டான்."

இரண்டு பேரையும் போட்டுவிடலாம் என்று வெண்டல் முடிவு செய்தான். 'கெஸ்லர், ரஃபோ' என்று எழுதி, அகரவரிசைப்படி என்று விளக்கமும் சொன்னான்.

"அகரவரிசைன்னா நான்தான் முதல்ல" என்றார் ரஃபோ. "எங்க தாத்தா பேரு அரஃபோ. கப்பல்லேர்ந்து இறங்கினப்ப குமாஸ்தா 'அ'வை எழுத விட்டுட்டான்."

ஒருவர் பெயரை மேலேயும் மற்றவர் பெயரைக் கீழேயும் போட்டான். மேலே யார் என்ற கேள்வி வந்தது. இடமும் வலமுமாகப் போட்டான். வலதுபக்கம் யாருக்கு என்ற கேள்வி வருமென்று பயந்துகொண்டே கெஸ்லரிடம் கேட்டபோது, அவர் சந்தோஷப்பட்டுவிட்டார்.

"வலப்பக்கம் எனக்குப் போடு. எங்க வீட்டுல யூதங்க படிக்கிற யிட்டிஷ் பேப்பர்தான் வாங்குவோம், வலப்பக்கத்துலேர்ந்து படிச்சுத்தான் எனக்குப் பழக்கம். நான்தான் முதல் ஆளு. டாம் இடப்பக்கத்துலேர்ந்து படிக்கட்டும், அவனும் முதல் ஆளுதான். நீ கெட்டிக்காரன்யா."

பிரச்சினை தீர்ந்தது. ரஃபோவும் முதலில் சரி என்றுதான் சொன்னார். போனை வைக்கப்போகும்போது, "ஹைமன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"ரொம்பச் சந்தோஷப்பட்டார் சார்."

"சந்தோஷப்பட்டானா? அப்ப வேணாம்."

வியாழக்கிழமை மதியம் வெண்டல் தானே நேரில் போனான். லெக்சிங்டன் அவென்யூ பக்கத்தில் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் இருவரும் வழக்கமாக வருவார்கள். வந்திருந்தார்கள். ஆனால் வேறு வேறு மேசையில், முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடையில் காலி மேசைகள் நிறைய இருந்தும், அவர்களுக்கு வேறு இடத்தில் உட்காரப் பழக்கம் இல்லை. கெஸ்லர் மெலிந்து உயரமாக, சட்டைப் பையில் நாலு பேனாவோடு இருந்தார். ரஃபோ குட்டையாக, தடித்த கண்ணாடியோடு இருந்தார். இருவர் தட்டிலும் அதே பாஸ்ட்ராமி சாண்ட்விச்.

வெண்டல் எந்த மேசையில் உட்காருவதென்று தெரியாமல் நடுவில் நின்றான்.

"அந்த ஆள்கிட்ட கடுகு சாஸ் பாட்டிலைத் தரச் சொல்லு" என்றார் கெஸ்லர்.

வெண்டல் கடுகை வாங்கிக் கொடுத்தான்.

"அந்த ஆளுக்கு கடுகு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்து" என்றார் ரஃபோ.

"சார், கடுகு ஆகாதாம்."

"எனக்கு ஆகாதுன்னா அவனுக்கு என்னவாம்?"

"உங்களுக்கு என்னன்னு கேக்கறார் சார்."

"ராத்திரி பன்னண்டு மணிக்கு நெஞ்செரிச்சலுன்னு எனக்கு போன் பண்ணுவான். அதான் எனக்கு."

கெஸ்லர் கடுகு பாட்டிலைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். அதுதான் நல்ல நேரம் என்று நினைத்து வெண்டல், "அப்ப சமாதானமாப் போயிடலாமே சார்" என்றான். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, வேறு வேறு வாசல் வழியாக வெளியேறினார்கள். அந்தக் கடைக்கு இரண்டாவது வாசல் சமையலறை வழியாகத்தான் உண்டு. ரஃபோ அதில் போனார்.

ப்ராட்ஸ்கி இதையெல்லாம் கேட்டுவிட்டு, சுருட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"பழைய முதலாளி பெர்விஸ் பேரைப் போட்டுடு. செத்துப் பத்து வருஷம் ஆச்சு. ரெண்டு பேருக்கும் இல்லேன்னா சண்டை இல்ல. செத்தவன் போன் பண்ண மாட்டான்."

வெண்டல், 'பொடிமின்னலை உருவாக்கியவர்: அமரர் ஆகஸ்டஸ் பெர்விஸ்' என்று எழுதி இருவருக்கும் தகவல் சொன்னான். இருவரும் வேறு வேறு இடத்திலிருந்து ஒரே கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு, "போட்டுக்கோ" என்றார்கள்.

செத்தவர் போன் பண்ணவில்லை. அவருடைய மனைவி நேரிலேயே வந்தாள்.

திருமதி அடலெய்ட் பெர்விஸ் உள்ளே வந்தபோது முதலில் ஒரு நாய் வந்தது, பிறகு வாசனை வந்தது, பிறகுதான் அவள் வந்தாள். அறுபதை நெருங்கியும் தலைமுடி செக்கச்செவேலென்று இருந்தது.

"என் புருஷன் வாழ்க்கையில உருவாக்கினது ரெண்டே விஷயம்" என்றாள். "ஒண்ணு வயித்துப்புண். இன்னொண்ணு அவர் தம்பி மேல ஒரு கேசு. அந்தப் பொண்ணை அவர் எங்க உருவாக்கினார்? அது நான்."

"நீங்களா மேடம்?"

"நல்லாப் பாரு." முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். "அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. தினமும் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்து ஆபீஸ் வாசப்படியில நிப்பேன். அந்த டாமினிக் என்னையே பாத்துக்கிட்டு இருப்பார். நான்தான் மாடல். எனக்கும் இடது கைதான்."

சொல்லிவிட்டு, வெண்டல் நீட்டிய பேனாவை வலது கையால் வாங்கி, தன் முகவரியை எழுதிக் கொடுத்தாள். 'வக்கீல் மூலமாகத் தொடர்புகொள்ளவும்' என்று கீழே அடிக்கோடிட்டாள்.

ரஃபோ இதைக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவை நான் பாத்ததே இல்ல. என் பொண்டாட்டி பக்கத்துல இருக்கா, அவளுக்கும் கேக்குற மாதிரி சொல்றேன், பாத்ததே இல்ல" என்றார். கெஸ்லர், "அந்தக் காலத்துல அந்தம்மாவுக்குக் கறுப்பு முடி" என்றார்.

அடுத்து வெண்டல் எழுதியதுதான் அவனுடைய எழுத்துகளிலேயே சிறந்தது என்று அவன் நம்பினான். 'பொடிமின்னலுக்கு உயிர் கொடுத்தவர் ஹைமன் கெஸ்லர். உடல் கொடுத்தவர் டாமினிக் ரஃபோ. முடி கொடுத்தவர் திருமதி பெர்விஸ்.'

திருமதி பெர்விஸ் ஒப்புக்கொண்டாள். மற்ற இருவருக்கும் வேறொரு சந்தேகம் வந்தது. முதலில் வருவது உயிரா, உடலா? கெஸ்லர் தன் யூத மதகுருவான ரபியிடம் போய்க் கேட்டார். ரஃபோ பங்குச் சாமியாரிடம் கேட்டார். சனிக்கிழமைக்குள் ரபியும் சாமியாரும் தனித்தனியாக வெண்டலுக்குப் போன் செய்து, அவன் எந்த ஆதாரத்தின் பேரில் அந்த வரிசையை எழுதினான் என்று விசாரித்தார்கள். இருவரும் மிகவும் அன்பாகத்தான் பேசினார்கள். வெண்டல் சிறுவயதிலிருந்தே எந்தக் கோவிலுக்கும் போனதில்லை என்பது தெரிந்ததும் அவர்களுக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டியது போகவில்லை. அச்சகத்துக்காரர்கள் இயந்திரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எவனோ ஒரு பத்திரிகைக்காரன் 'ஒரு பெண், மூன்று பெற்றோர்' என்று தலைப்புப் போட்டு எழுதிவிட்டான். தொலைக்காட்சி நிறுவனத்தின் லண்ட்க்விஸ்ட் என்பவர் ப்ராட்ஸ்கியைக் கூப்பிட்டு, தகராறு உள்ள சரக்கைத் தொட மாட்டோம், வேறு பதிப்பகத்தில் சுத்தமான துணை நாயகி ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னார்.

ப்ராட்ஸ்கி வெண்டலைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அடுத்த வாரம் ஓட்டல்ல விழா. லண்ட்க்விஸ்ட் வர்றார். அன்னிக்கு மேடையில ஒரே ஒரு பேரு. அது யாருன்னு எனக்குக் கவலை இல்ல. என் அத்தையோட பேரா இருந்தாலும் பரவால்ல. மூணு பேரும் தலையாட்டணும். இல்லேன்னா நீ வேற எங்கயாவது போய் எழுத்துப்பிழை பாரு."

"நான் சும்மா 'எஸ்' ஒண்ணா ரெண்டான்னுதான் சார் கேட்டேன்."

"தெரியும்" என்றார் ப்ராட்ஸ்கி. "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் உலகப்போரே வந்துச்சு."

அன்று மாலை வெண்டல் நாற்காலியில் சாய்ந்து யோசித்துப் பார்த்தபோது, மூன்று பேரும் சண்டையின் நடுவில் ஒரே ஒரு விஷயத்தைப் பொதுவாகச் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. "நம்பலேன்னா பெர்னிஸைக் கேளு. அவ அந்த ரூம்லதான் இருந்தா."

பெர்னிஸ் ஹோல்கம், அந்தக் காலத்தில் வெள்ளிச் சூறாவளிக்கு நிறம் தீட்டியவள். பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்து, நாலு வருடம் இருந்து, கல்யாணம் செய்துகொண்டு நியூ ஜெர்சிக்குப் போய், ரியல் எஸ்டேட்டில் பெரிய ஆளாகிவிட்டாள். பெயர் வேண்டும் என்று அவள் என்றைக்கும் கேட்டதில்லை. அவள் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக மூவரும் ஒப்புக்கொண்டார்கள். மூவருக்கும் அவள் தன் பக்கம்தான் சொல்வாள் என்பதில் சந்தேகமே இல்லை.

வெண்டல் போன் செய்தான்.

"பெர்னிஸ் வீட்டுல இல்ல" என்றது ஒரு குரல்.

"எப்ப மேடம் வருவாங்க?"

"எதுக்கு?"

"பெர்விஸ் பதிப்பகத்துலேர்ந்து பேசறேன். ஏழாம் இதழ் விஷயமா..."

போன் வைக்கப்பட்டது. மறுநாள் கூப்பிட்டபோது அதே குரல், பெர்னிஸ் புளோரிடா போயிருப்பதாகச் சொன்னது. அதற்கடுத்த நாள், பெர்னிஸ் என்று யாரும் இங்கே இல்லவே இல்லை என்றது. வெண்டல் பேருந்து ஏறிப் போய் வாசல் மணியை அடித்தான். கதவைத் திறந்தது, முழங்கைவரை மாவு ஒட்டிய, அகலமான, வாட்டசாட்டமான பெண்மணி. குரல் அதே குரல்தான்.

"உங்களைத் தொந்தரவு பண்ண வரல மேடம். ஒரு விழா. நீங்க வந்து மேடையில உக்காந்தாப் போதும்."

"பழசையெல்லாம் கிளறுவீங்களா?"

"நாப்பது வருஷம் ஆயிடுச்சு மேடம். அதைக் கொண்டாடத்தான் கூப்பிடறோம்."

"கொண்டாடவா?" அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "திட்ட மாட்டீங்களே?"

"எதுக்கு மேடம் திட்டப்போறோம்?"

"சாப்பாடு உண்டா?"

"உண்டு மேடம். கோழி."

"வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

விழாவுக்குக் கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. பொடிமின்னலைப் போல வேடம் போட்டுக்கொண்டு தாடி வைத்த ஆண்கள்கூட வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால், ஏழாம் இதழ் மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தைச் சுவர் முழுவதற்கும் பெரிதாக்கி மாட்டித் திரைபோட்டு மூடியிருந்தார்கள். அது வெண்டலின் யோசனை. முன்வரிசையில் லண்ட்க்விஸ்ட் மடியில் ஒரு தோல் பையோடு உட்கார்ந்திருந்தார். ப்ராட்ஸ்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். ப்ராட்ஸ்கி சிரித்து வெண்டல் பார்த்ததில்லை. பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

முதல் சங்கடம் மேடைப் படியிலேயே வந்தது. ரஃபோவுக்குப் படி தெரியவில்லை. அவர் காலைத் தூக்கித் துழாவிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த கெஸ்லர் பேசாமல் அவர் முழங்கையைப் பிடித்தார்.

"இன்னும் ஒரு படி இருக்கு" என்றார்.

"தெரியும்" என்றார் ரஃபோ.

"தெரியாது உனக்கு. கண் டாக்டர்கிட்ட போனியா?"

"நீதானே கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தே. வியாழக்கிழமை."

கெஸ்லர் பிடித்த கையை எடுக்கவில்லை. நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்து, தானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது திருமதி பெர்விஸுக்குப் போட்ட நாற்காலி. அவள் நாயோடு ஓரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பெர்னிஸ் எல்லோருக்கும் பின்னால், கையில் ஒரு தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

திரை விலகியது. கூட்டம் கை தட்டியது. அவ்வளவு பெரிதாகப் பார்க்கும்போது நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. முதுகு காட்டி நிற்கும் சூறாவளி, எதிரே தூரத்து வாசற்படியில் அந்தச் சின்னப் பெண், அவள் சிவந்த முடி.

கெஸ்லர் முதலில் பேசினார். மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணை நான் மூணு தடவை கொன்னிருக்கேன்" என்றார். "எரிமலையில தள்ளினேன், ரயில்ல மோதவெச்சேன், ரோபோன்னு சொன்னேன். எல்லாம் ஆபீஸ் உத்தரவு. ஒவ்வொரு தடவையும் டாம் படத்தை வரைஞ்சு கொடுத்துட்டு, ரெண்டு நாள் என்கூடப் பேச மாட்டான். அப்புறம் வந்து, 'எப்படிடா திரும்பக் கொண்டு வரப்போறே'ன்னு கேப்பான். அவன் கேக்கலேன்னா நான் கொண்டு வந்திருக்க மாட்டேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் உட்கார்ந்ததும் ரஃபோ ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ பொறந்தப்ப, 'என்ன பேரு வைக்கலாம்'னு இவனைத்தான் கேட்டேன். பொடிமின்னலுக்கும் பேரு வெச்சது இவன்தான். படம் யாரு வேணா வரையலாம். பேரு வெச்சுக் கூப்பிட்டாத்தானே பொண்ணு திரும்பிப் பாப்பா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வலப்பக்கம் அவன் பேரைப் போடு தம்பி. இடப்பக்கம் என் பேரு. அவன் சந்தோஷப்பட்டா பட்டுட்டுப் போறான்."

கெஸ்லர் அவர் தோளில் கை போட்டார். தாடிக்காரப் பொடிமின்னல் ஒருவர் முன்வரிசையில் தேம்பி அழுதார். ஓரத்திலிருந்து திருமதி பெர்விஸ் ஒலிபெருக்கி இல்லாமலேயே, "முடி மட்டும் என்னோடதுன்னு போட்டுட்டா எனக்கும் சம்மதம்" என்றாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது. லண்ட்க்விஸ்ட் தோல் பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தார். ப்ராட்ஸ்கி வெண்டலைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வெண்டலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு பத்திரிகையின் கடிதப் பக்கத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன், இரண்டு கிழவர்களைச் சேர்த்துவைத்து, ஒரு பெண்ணுக்கு முறையான பெற்றோரையும் தேடிக் கொடுத்துவிட்டான். விழாவை அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் பெர்னிஸ் நியூ ஜெர்சியிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. அவளோ கோழியைக்கூட மறந்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரிலிருந்த அந்தப் பெரிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்டல் ஒலிபெருக்கியைக் கொண்டுபோய் அவள் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நீங்க அந்த ரூம்லயே இருந்தவங்க. முதல் முதலா இந்தப் பொண்ணைப் பாத்தப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

பெர்னிஸ் கெஸ்லரைப் பார்த்தாள், ரஃபோவைப் பார்த்தாள், திருமதி பெர்விஸின் முடியைப் பார்த்தாள்.

"அது வாசப்படி இல்ல தம்பி, நிலைக்கண்ணாடி" என்றாள். "அதுல தெரியறது சூறாவளிதான், வெள்ளையா விடவேண்டிய முடிக்கு நான் அவசரத்துல செவப்பை அடிச்சுட்டேன்."